உயிரணுவின் எல்லைக் காவல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் இலக்கிய உரையும் இன்னிசையும் குழந்தைகளின் நாடகமும் இருக்கும். அவற்றிடையே அரைமணி நேரம் அறிவியலுக்கும் ஒதுக்க வேண்டுமென்று செயற்குழுவினர் விரும்பினர். நல்ல விருப்பம். ஆகவே, 'உயிரணுச் சவ்வு' என்னும் பொருளை எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். பெயரைக் கேட்டதும், "இது கல்லூரி மாணவர்க்குரிய பாடமாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று தாய்மார்கள் எண்ணக்கூடும். பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா என்ற கேள்வி எழாத வீடு நம் காலனியில் இராது. "வயிறு காயட்டும், தானே நிற்கும்" என்று ஒரு பாட்டி சொல்வார். "ஐயோ, நாக்கு வறள்கிறதே" என்று தாய் தவிப்பாள். அந்தக் கேள்விக்கு விடை இந்தச் சவ்வில் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லவே வந்தேன்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. 'செல்' என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். வீட்டுக்குச் சுவர் இருப்பதுபோல ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. எவ்வளவு மெல்லியது? ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் பருமனைப் பத்தாயிரம் கூறாக்கினால், அதில் ஒரு கூறு. சாதாரண நுண்பெருக்கியால் இதன் அமைப்பைக் காண இயலாது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இருக்கிறது என்று எப்படி நம்புவது? உங்கள் சமையலறையிலேயே சான்று இருக்கிறது. பீட்ரூட் கிழங்கு ஒன்றை வாங்கித் துண்டுகளாக நறுக்கி, வெட்டுவாயில் ஒட்டிய சாறு போகக் கழுவிவிட்டுக் குளிர்ந்த நீரில் போடுங்கள். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் நீரில் மிகக் குறைந்த நிறமே இறங்கியிருக்கும். அதே துண்டுகளைக் கொதிநீரில் போடுங்கள். சில நிமிடங்களில் நீர் முழுவதும் குருதிபோல் சிவந்துவிடும். நிறம் முன்பும் கிழங்குக்குள்தான் இருந்தது. அதை வெளியே விடாமல் தடுத்து நின்றது உயிரணுக்களின் சவ்வு. வெப்பம் சவ்வைக் குலைத்ததும் காவல் போயிற்று, நிறம் வெளியேறிற்று.

இன்னொரு சான்றும் உண்டு. மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசறி ஜாடியில் இட்டு வைத்தால், மறுநாள் ஜாடியில் நீர் ஊறி நிற்கும். நாம் ஒரு சொட்டு நீரும் ஊற்றவில்லை. மாங்காயின் உயிரணுக்களுக்குள் இருந்த நீரே வெளிவந்திருக்கிறது. உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவிட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். நீர் உள்ளே புகுந்து திராட்சை பருக்கும். இவ்விரண்டிலிருந்தும் ஒரு விதியை நாம் அறியலாம். சவ்வின் இருபுறமும் உப்போ சர்க்கரையோ ஏற்றத்தாழ்வாய் இருந்தால், அவை மிகுந்திருக்கும் பக்கத்தை நோக்கி நீர் செல்லும். இந்த ஒரு விதியை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குப் பெரிய வேலை வரப்போகிறது.

இனி, சவ்வு எதனால் ஆனது என்று பார்ப்போம். 1925-ஆம் ஆண்டில், நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், இரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தனர். அந்தப் படலத்தின் பரப்பு, சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்காக இருந்தது. ஆகவே, சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக அமைந்திருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு கூறினர். அந்த முடிவு இன்றும் நிலைத்து நிற்கிறது.

ஏன் இரண்டு அடுக்கு? சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் இரண்டு வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால்கள் எண்ணெய்த் தன்மை உடையவை, நீரை வெறுக்கும். உயிரணுவின் உள்ளும் நீர், புறமும் நீர். ஆதலால் தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவே ஒன்றையொன்று நோக்கி ஒளிந்துகொள்கின்றன. எவரும் அடுக்கி வைக்க வேண்டியதில்லை. நீரில் இட்டால் தாமே இவ்வாறு அணிவகுத்துவிடும்.

இந்த அடுக்கு கல்லும் காரையும் வைத்துக் கட்டிய சுவர்போல் அசைவற்று நிற்பதும் அன்று. 1972-இல் சிங்கர், நிகல்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள், சவ்வு எண்ணெய்ப் படலம் போல் நெகிழ்ந்து ஓடும் தன்மையது என்றும், அதில் புரதங்கள் ஆங்காங்கே மிதந்து நிற்கின்றன என்றும் விளக்கினர். ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒரு நொடியில் ஒரு பாக்டீரியாவின் நீள அளவு தூரம் நகர்ந்துவிடுகிறது. நாம் அஞ்சி ஒதுக்கும் கொலஸ்ட்ரால்கூட இந்தச் சவ்வில் அளவோடு கலந்திருந்து, அது மிக நெகிழாமலும் மிக இறுகாமலும் காக்கிறது.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை யாவரும் அறிவோம். அப்படியானால் நீரில் கரையும் உப்பும் சர்க்கரையும் இந்த எண்ணெய் வேலியைத் தாண்டி உயிரணுவுக்குள் எப்படிச் செல்லும்? செல்லாவிட்டால் உயிரணு பட்டினி கிடந்து மடிய வேண்டியதுதான். இங்கேதான் மிதக்கும் புரதங்களின் பணி தொடங்குகிறது. அவைதாம் வாயில்கள், வாயில்காப்போரும் அவையே.

வாயில் என்றால் என்னவென்று குண்டலுபேட்டையில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று மாநிலங்களின் வழிகள் கூடும் ஊர் நம் ஊர். தெற்கே கூடலூருக்கும் ஊட்டிக்கும் செல்லும் சாலையும், மேற்கே சுல்தான் பத்தேரிக்குச் செல்லும் சாலையும் பந்திப்பூர்க் காட்டை ஊடுருவிச் செல்கின்றன. இரவில் யானைகளும் பிற விலங்குகளும் வண்டிகளில் அடிபடாதிருக்க, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலையில் போக்குவரத்துக்கு 2009-ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் நோயாளியை ஏற்றிவரும் ஆம்புலன்சுக்கு வழி விடப்படுகிறது. அனுமதி பெற்ற சில பேருந்துகளும் செல்கின்றன. வாயிலை ஒரேயடியாகச் சுவர் வைத்து அடைத்தாலும் ஊர் பிழைக்காது. காவலின்றித் திறந்து போட்டாலும் காடு பிழைக்காது. எதை, எப்போது, எவ்வளவு விடுவது என்று அறிந்து விடுவதே காவல். உயிரணுச் சவ்வின் தொழிலும் இதுவே.

அதன் வாயில்கள் பலவகைப்படும். நீர் மட்டுமே செல்லும் குழாய் ஒன்று உண்டு. நொடிக்கு நூறு கோடி நீர் மூலக்கூறுகள் என்னும் கணக்கில் அதன் வழியே நீர் பாயும். 1992-இல் இதன் பணியை மெய்ப்பித்த பீட்டர் ஆக்ரே என்பவர் 2003-இல் நோபல் பரிசு பெற்றார். உப்பில் உள்ள சோடியத்தை வெளியே இறைத்துத் தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே வாங்கும் இறைவை ஒன்றும் உண்டு. ஒரு முறை இயங்கும்போது 3 சோடியம் அணுக்கள் வெளியே போகும். 2 பொட்டாசியம் அணுக்கள் உள்ளே வரும். 1957-இல் டென்மார்க்கில் ஸ்கூ என்பவர் இதைக் கண்டறிந்தார். 40 ஆண்டு கழித்து, 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் சும்மா அமர்ந்திருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இந்த இறைவைகளே உண்கின்றன. இறைவை ஓயாது இயங்குவதால் உயிரணுவுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். வெளியே உள்ள சோடியம் உள்ளே வர முண்டியடித்து நிற்கும். அந்த முண்டியடிப்பை வீணாக்காமல் வேலை வாங்கும் வாயில் ஒன்று நம் குடலில் இருக்கிறது. அதுவே இன்றைய பேச்சின் உயிர்நிலை.

நாள்தோறும் நம் சிறுகுடலுக்குள் எட்டு, ஒன்பது லிட்டர் நீர் வருகிறது. குடிப்பது அதில் சுமார் 2 லிட்டர்தான். எஞ்சியது உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர் முதலியவையாக உடலே சுரப்பது. இவ்வளவிலும் மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிலிட்டர் மட்டுமே. மற்றவற்றைக் குடல் மீட்டுக்கொள்கிறது. எவ்வாறு மீட்கிறது? குடலின் உயிரணுச் சவ்வில் ஒரு கூட்டு வாயில் இருக்கிறது. சோடியம் தனியே வந்தால் அது திறவாது. குளூகோஸ் தனியே வந்தாலும் திறவாது. இரண்டு சோடியமும் ஒரு குளூகோசும் சேர்ந்து வந்தால் திறந்து இரண்டையும் உள்ளே விடும். அவை உள்ளே சென்றதும், முன்பு நாம் மனத்தில் இருத்திய விதிப்படி, நீரும் அவற்றைத் தொடர்ந்து செல்லும். இந்தக் கூட்டு வாயிலைப் பற்றிய கருத்தை 1960 ஆகஸ்டில் பிராகு நகரில் கூடிய விஞ்ஞானிகள் அவையில் ராபர்ட் கிரேன் என்பவர் வெளியிட்டார். தனியே வந்தவர்க்குத் திறவாத கதவு, கைகோத்து வந்தவர்க்குத் திறக்கிறது. சங்கம் கூட்டி வாழும் நமக்கு இந்தச் செய்தி இனிக்குமன்றோ?

இனி, காலரா என்னும் வாந்திபேதிக்கு வருவோம். ஊர் ஊராகச் சூறையாடிய நோய் அது. கிருமி எவ்வாறு கொல்கிறது என்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே என்னும் மருத்துவ அறிஞர் மெய்ப்பித்தார். கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய நீரே குடலில் பேதியை உண்டாக்குவதை அவர் சோதனையால் காட்டினார். எனவே, கிருமி சுரக்கும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. அந்த நஞ்சு குடலின் சவ்வைக் கிழிப்பதில்லை. சவ்வில் ஒட்டி, உயிரணுவுக்குள் பொய்யான கட்டளை ஒன்றை அனுப்புகிறது. அந்தக் கட்டளையால் குளோரைடு என்னும் உப்புப் பகுதி வெளியேறும் வாயில் திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு போகிறது, சோடியம் அதைத் தொடர்கிறது, நீர் அவற்றின் பின்னே ஓடுகிறது. கடும் நோயில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் போய்விடும். சில மணி நேரத்திலேயே நாடி தளர்ந்து உயிர் ஊசலாடும்.

ஆயினும், அன்பர்களே, இயற்கை ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இவ்வளவு கொடிய நஞ்சும் சோடியம்–குளூகோஸ் கூட்டு வாயிலைத் தொடுவதில்லை. வெள்ளம் வெளியே பாய்ந்துகொண்டிருக்கும்போதே இந்த வாயில் வழியாக நீரை உள்ளே சேர்க்கலாம். "பேதியாகும் வயிற்றில் எதுவும் தங்காது" என்ற பழைய எண்ணம் தவறு என்பது இதனால் விளங்கும். தங்கும், உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கைகோத்து வந்தால் தங்கும்.

இந்த அறிவு மக்களைக் காத்த வரலாறு நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1953-இலேயே கல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி என்னும் மருத்துவர், வாந்திபேதி நோயாளிகளுக்கு உப்பும் குளூகோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து அதன் பயனை வெளியிட்டிருந்தார். 1968-இல் டாக்காவில் நாலின், கேஷ் என்னும் மருத்துவர்கள் குடிக்கும் கரைசலின் பயனை அளந்து காட்டினர். எனினும், நரம்பில் ஊசி குத்திச் சலைன் ஏற்றுவதே மருத்துவம் என்று பெரும்பாலோர் நம்பியிருந்தனர்.

1971-இல் வங்காளதேச விடுதலைப் போர் மூண்டது. இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். எல்லையருகே பன்காவ் என்னும் ஊரின் முகாமில் வாந்திபேதி பரவியது. படுக்கைகள் போதாமல் நோயாளிகள் தரையிலேயே கிடந்தனர். சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்குப் பொறுப்பேற்றிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஒரு துணிந்த முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளூகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் கலவை செய்ய ஏற்பாடு செய்தார். கல்கத்தாவில் நூலக அறை ஒன்றில் உப்புகளை நிறுத்துப் பாலித்தீன் பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினர். முகாமில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தனர். நோயாளியின் தாயும் தமக்கையும் உறவினரும் குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தனர். மருத்துவர் கையிலிருந்த உயிர் காக்கும் வேலை தாயின் கைக்கு மாறிற்று.

விளைவு என்ன? நூற்றுக்கு 30 பேர் மாண்ட இடத்தில், 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடையே நூற்றுக்கு 3.6 பேர் என்னும் அளவுக்குச் சாவு குறைந்தது. உப்பும் சர்க்கரையும் நீரும் செய்த அருஞ்செயல் இது. மஹலனாபிஸ் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், இராமகிருஷ்ணா என்பவர் முதலானோர், எளிதில் செரியாத ஒருவகை மாவுப்பொருளைக் கரைசலோடு சேர்த்து வாந்திபேதி நோயாளிகள் 48 பேரிடம் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அந்த மாவு சிறுகுடலில் செரியாமல் பெருங்குடலுக்குச் செல்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்கள், பெருங்குடல் சவ்வின் வழியே சோடியமும் நீரும் உள்ளே செல்லத் துணைபுரிகின்றன. அவ்வாறு கொடுத்தவர்களுக்குப் பேதியின் அளவு குறைந்தது. நம் முன்னோர் நோயாளிக்கு உப்பிட்ட கஞ்சி கொடுத்ததை எண்ணிப் பாருங்கள். கஞ்சியில் உள்ள மாவு செரித்துக் குளூகோசாகிறது. உப்பு உடன் இருக்கிறது. கூட்டு வாயிலின் பெயரை அவர்கள் அறியார்; ஆனால் அதைத் திறக்கும் திறவுகோல் அவர்கள் அடுப்பில் இருந்தது.

இனி, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். அரசு மருத்துவமனையிலும் மருந்துக் கடையிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய அளவுப்படி, ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளூகோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் அதில் இருக்க வேண்டும். பொட்டலத்தின்மேல் குறித்த அளவு கொதித்து ஆறிய நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், எஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மூத்த குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். மருத்துவர் கூறும் அளவில் துத்தநாக மாத்திரையையும் 14 நாள் கொடுங்கள். குழந்தை சோர்ந்து மயங்கினாலும், குடிக்க முடியாவிட்டாலும், கண்கள் குழிவிழுந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லவே படிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இனிப்பு மிகுந்த பழரசப் பானங்களை இதற்கு ஈடாகக் கொடுக்கலாகாது. சர்க்கரை மிகுந்தால் என்ன ஆகும்? மாங்காய் ஜாடியை நினைவுகொள்ளுங்கள். குடலுக்குள் மிகுதியாகத் தங்கும் சர்க்கரை உடலின் நீரை வெளியே இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உரிய அளவில் அமையாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரைத் தாங்கி வருவதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. ஆதலால் பெயரை மட்டும் பாராமல் அளவையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் வயிற்றுப்போக்கால் மடிகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களுள் பெரும்பாலோரைச் சில ரூபாய்ப் பொட்டலம் காத்திருக்கும். மருந்து இல்லாததால் மட்டும் இவர்கள் மடியவில்லை. "தண்ணீர் கொடுக்காதே" என்ற சொல்லாலும் மடிகின்றனர். அந்தச் சொல் நம் காலனியில் எந்த வீட்டிலும் இனி எழாதிருக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு பொட்டலமாவது மிளகுப் பெட்டியின் அருகே எப்போதும் இருக்கட்டும். பாட்டிமார் சொன்னதில் கஞ்சியை வைத்துக்கொள்வோம், பட்டினியை விட்டுவிடுவோம். கொள்ளுவதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளுவதைத்தானே சவ்வும் நமக்குக் கற்பிக்கிறது!